எல்லைக்கல் வரை மூடிய பள்ளம்

1

இந்தக் கதையில் வரும் ரோடு இன்ஸ்பெக்டர் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் அதைச் சொல்லி உங்களை வாய் பிளக்க வைக்கும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது, ஆசையும் இல்லை. பெயர் சுப்பிரமணி. வருடம் 1974. மண்ணூரிலிருந்து பிள்ளைப்பாக்கம் பக்கம் போகிற ஒரு கிளைச் சாலை. (வரைபடத்தில் தேடாதீர்கள். கிடைக்காதபடி வளைத்துவிட்டேன்.) சாலமோன் என்ற மனிதனின் வேலை என் வாயால் போயிற்று. எழுதினாலாவது மனசு ஆறுமா என்று பார்க்கிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "ஐப்பசி மழை விட்டு, புளியமரங்கள் சொட்டிக்கொண்டிருந்த அந்தக் காலை வேளையில்—"

சீ, வேண்டாம். மழையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தால் என்னைப் பற்றி எழுத வேண்டியதில்லை பாருங்கள், அதுதான் சங்கதி.

இரண்டாவது முயற்சி: "மாநிலத்தின் சாலைகள் காகிதத்தில் ஒரே கோடு. தரையில் துண்டு துண்டு." இது பரவாயில்லை. ஐந்து மைலுக்கு ஒரு கேங். பள்ளம் மூடுவது, ஓரத்துப் புல் செதுக்குவது, கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பது எல்லாம் அந்த ஐந்து மைலுக்குள்தான். அது முடிகிற இடத்தில் ஓர் எல்லைக்கல். கல்லுக்கு அந்தப் பக்கம் வேறு ஆட்கள், வேறு தார், வேறு ஜல்லி. போகிற வண்டிக்கு இதெல்லாம் தெரியாது.

3

சாலமோன் என் கேங்கின் மேஸ்திரி. பன்னிரண்டு வருடமாகத் தினக்கூலி. நிரந்தர வேலைக்கு எடுக்கப்போகிறவர்கள் பட்டியலில் அந்த வருடம்தான் அவன் பெயர் ஏறியிருந்தது. முந்தைய வருடம் எல்லைக்கல்லைத் தாண்டி நாலடி போய் ஒரு பள்ளத்தை மூடிவிட்டான்.

"ஏன்யா அங்கெல்லாம் போறே?"

"கைக்கெட்ற தூரத்துல கீது சார். வுட்டுட்டு வர மனசு வர்ல."

"இனிமே நம்ம ஜல்லி ஒரு கூடை கல்லத் தாண்டிச்சு, உன் வேலை அவ்ளோதான். புரிஞ்சுதா?"

வாயால்தான் சொன்னேன். எழுத்தில் கொடுக்கவில்லை.

[எழுத எழுத இந்த இன்ஸ்பெக்டர் நல்லவனாகிக்கொண்டே போகிறான். ஒரு பிரதியில் இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறான். அடித்துவிட்டேன். நான் சிரிக்கவில்லை, கத்தினேன்.]

4

அடுத்த மழைக்குப் பள்ளம் எல்லைக்கல்லுக்கு நேராகவே விழுந்தது. பாதி இங்கே, பாதி அங்கே. சாலமோன் நூல் பிடித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, கோடு வரை மூடினான். அரைகுறை வேலை இல்லை. ஜல்லி பரப்பி, தார் ஊற்றி, திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்தியிருந்தான். கோட்டில் அது கத்தியால் வெட்டிய மாதிரி நின்றது.

அந்தப் பக்கத்து மேஸ்திரி தாண்டவராயன் வந்து பார்த்தான்.

"இன்னாபா இது, பாதி சவரம் பண்ணி வுட்ட மாதிரி? மீதிய யாரு மூடுறது?"

"நீதான். அது ஒன் பக்கம்."

"எனக்கு இன்னும் தார் வர்ல. பத்து நாளாவும். நீயே ரெண்டு கூடை கொட்டேன்."

"கொட்லாம். அப்பறம் என் வேலைய யாரு குடுப்பா?"

பள்ளம் முழுசாக இருந்தவரை எல்லோரும் சுற்றிப் போனார்கள். இப்போது சாலமோன் பக்கமிருந்து வருகிறவனுக்கு அது நல்ல சாலை. மூன்றாம் நாள் பக்கத்து ஊர்க் கன்னியப்பன், நடவு வேலைக்குப் போகிற மனைவி அம்சவல்லியைப் பின்னால் உட்காரவைத்து, சாலையை நம்பி சைக்கிள் மிதித்து வந்தான். கோட்டில் சக்கரம் இறங்கியது. விழுந்ததில் அவளுடைய வலது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு கோணலாகவே கூடியது. அந்த நடவுக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகும் நாற்றைப் பிடிக்க அந்தக் கைக்கு வரவில்லை.

5

கன்னியப்பன் மனு கொடுத்தான். என்ஜினீயர் விசாரணைக்குக் கூப்பிட்டார்.

"பாதிப் பள்ளத்த மூடின முட்டாள் யாருய்யா?"

"நான்தான் சார்" என்றான் சாலமோன்.

"பாதியில நிறுத்தச் சொன்னது யாரு?"

அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, காப்பாற்றவும் இல்லை.

"இன்ஸ்பெக்டர் சார் இங்கதான கீறாரு. அவரையே கேளுங்க சார், சொல்லுவாரு."

சொல்லுவார் என்று உண்மையிலேயே நம்பினான், பாவி மனுஷன்.

6

முடிவு அ: "நான்தான் சார் சொன்னேன்" என்கிறார் இன்ஸ்பெக்டர். அவருக்கு மெமோ வருகிறது. சாலமோனுக்கு நிரந்தர ஆர்டர் வருகிறது. அவன் மனைவி சூசையம்மாள் அதை மாதா படத்தின் கீழே வைத்து— படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒன்பது முறை எழுதிவிட்டேன்.

முடிவு ஆ: தாண்டவராயன் ஓடி வந்து சாட்சி சொல்கிறான். அன்றைக்கு அவனை யாரும் கூப்பிடவேயில்லை. என் வேலையைச் செய்ய அவனை இழுத்து வருவது அநியாயம்.

முடிவு இ: "அப்படி எதுவும் நான் சொல்லல சார்."

இதுதான் நடந்தது. சாலமோன் என்னைப் பார்த்தான். "செரி சார்" என்றான். வெளியே போய்விட்டான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

7

இ-யோடு கதையை முடிக்க மனசில்லை. அ-வோடு முடிக்க யோக்கியதை இல்லை. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். சாலமோனுக்கு வேலையைக் கொடுங்கள், அம்சவல்லியின் கையை நேராக்குங்கள், பள்ளத்தை முழுசாக மூடுங்கள். நான் குறுக்கே வரமாட்டேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் முடிவில் எழுந்து நின்று உண்மையைச் சொல்கிற அந்த இன்ஸ்பெக்டருக்கு, தயவுசெய்து, என் பெயரை வைக்காதீர்கள்.