கடைசி வண்டி ஒன்பது நாற்பது

ஒசாக்கா கடைக்காரர் கவாபெ அனுப்பியிருந்த இரண்டு விவரத்தாள்களையும் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க ஒன்றின்மேல் சோயா குப்பியையும் மற்றதன்மேல் என் மூக்குக்கண்ணாடியையும் வைத்தேன். எதிரே சக்கர நாற்காலியில் என் கணவர் இசாவோ. தசைகளை ஒவ்வொன்றாக முடக்குகிற நோய், அவருக்கு அசைகிற விரல்கள் இரண்டுதான் மிச்சம், இரண்டும் வலது கையில். தாளைத் திருப்ப நான், அவர் கண்ணாடியைத் துடைத்துவிட நான், ஆனால் முடிவு மட்டும் அவருடையதாம். இந்த மனுஷனோடு முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டியாகிவிட்டது. வாயைத் திறந்து மனசில் இருப்பதைச் சொன்னது ஒரு கை விரலுக்குள் அடங்கும்.

சமையலறையை ஒட்டிய அறை முழுக்க அவருடைய ரயில்தான். பொம்மை என்று சொன்னால் முகம் வாடிவிடும், மாதிரி ரயில் என்றுதான் சொல்ல வேண்டும். இதுவரை ஒரே ஒரு திருகுதான் இருந்தது. அதைத் திருகினால் தண்டவாளத்துக்கு மின்சாரம் போகும், அதன்மேல் நிற்கிற எல்லா வண்டியும் ஒன்றாக ஓடும். இப்போது மாற்றப்போகிற டிஜிட்டலில் அப்படியில்லை. தண்டவாளத்தில் எப்போதும் மின்சாரம் இருக்கும். ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் ஒரு சில்லு, அதற்கு ஒரு எண். எந்த எண்ணைக் கூப்பிடுகிறோமோ அது மட்டும் நகரும். கவாபெ இரண்டு வகை எழுதியிருந்தார். ஒன்று கையில் பிடித்துத் திருகுகிற குமிழ். மற்றது கணினியோடு இணைக்கிற பெட்டி.

எனக்கு இது வெறும் ரயில் சமாச்சாரம் இல்லை. மார்ச் மாதமே டாக்டர் சொல்லிவிட்டார், குளிர்காலத்துக்குள் அவரால் தானாக மூச்சுவிட முடியாமல் போகும் என்று. தொண்டையில் துளை போட்டு மூச்சு எந்திரம் மாட்டினால் இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கலாம். ஆனால் மாட்டிய பிறகு கழற்றுகிற வழக்கம் இங்கே இல்லை. அதனால் வேண்டுமா வேண்டாமா என்று நோயாளி முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். நான்கு மாதமாக இவர் சொல்வது ஒரே வார்த்தை, "யோசிக்கறேன்." நானும் கேட்டுக் கேட்டு அலுத்து, கேட்பதை விட்டிருந்தேன். வீட்டுக்கு வருகிற நர்ஸ் நிஷிவாக்கி மட்டும் எனக்கு எந்திரத்தைக் கழுவவும் சளியை உறிஞ்சி எடுக்கவும் சொல்லித்தந்துகொண்டிருந்தாள். "ராத்திரியும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் எழுந்திருக்கணும்க்கா. வெளிய போறதுன்னா மாத்தாள் இல்லாம முடியாது," என்றாள். அதற்கென்ன, எழுந்துவிட்டுப் போகிறேன் என்றேன். கை நின்றுபோனவர்கள்கூடக் கண்ணிமையை அசைத்தே கணினியை இயக்குகிறார்கள் என்று அவள்தான் சொன்னாள்.

அதனால் அன்று என் கண் அவருடைய விரலைவிட்டு நகரவில்லை. குமிழ் என்றால் விரல் ஓடுகிற இந்தக் கோடையோடு சரி. கணினி என்றால் இருக்கப்போகிறார். விரல் மேசைமேல் நத்தை மாதிரி ஊர்ந்து சோயா குப்பியைத் தொட்டது. குப்பிக்குக் கீழே இருந்தது கணினிப் பெட்டி.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. குமிழத் திருகற சுகம் இதுல வராதுன்னு நீங்கதான சொல்வீங்க?"

"இது... போதும்."

நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் திரும்பி நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

பெட்டி வந்தது. பதினோரு எஞ்சினுக்குள்ளும் சில்லு வைக்க வேண்டும். ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலை வாழ்நாளில் முதன்முறையாக நான் பிடித்தேன். இவர் நாற்காலியிலிருந்து, "செவப்பு... அங்க இல்ல... பக்கத்துல," என்பார். "வாயால பத்தவைக்கறது சுலபம், நீங்க பிடிங்க," என்பேன். சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும், முதுகைத் தடவிக்கொடுப்பேன். விரல்நுனியெல்லாம் கொப்புளம். வலிக்கவே இல்லை எனக்கு. நர்ஸிடம்கூட, எந்திரத்தை எந்தப் பக்கம் வைத்தால் இவருக்கு ரயில் மறைக்காது என்று கேட்டு வைத்தேன். பைத்தியக்காரி.

இசாவோ ரயில் கம்பெனியில் முப்பத்து நான்கு வருஷம் நேர அட்டவணைக்குக் கோடு போட்டவர். குறுக்கே நேரம், நெடுக்கே நிலையங்கள், நடுவில் சாய்ந்து ஓடுகிற ஒவ்வொரு கோடும் ஒரு வண்டி. அந்தத் தாளை வைத்துத்தான் மொத்த ரயில்பாதையும் நடக்கும். எங்கள் வீட்டுப் பாதைக்கும் அப்படி ஒன்றை அவர் மூன்று வாரம் கணினி முன்னால் உட்கார்ந்து இரண்டு விரலால் போட்டார். அதைப் பெட்டியில் ஏற்றிவிட்டால் யாரும் தொடாமலே நாள் முழுக்க வண்டிகள் நேரத்துக்கு ஓடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோதித்துப் பார்க்க அதைப் பெட்டியில் ஏற்றிவிட்டு, அச்சிட்டும் எடுத்து மேசையில் வைத்தேன். மேலே தலைப்பு, அடுத்த வருஷம் மார்ச் முதல். எங்கள் நாட்டில் ரயில் நேரம் மாறுகிற மாதம் அது.

அடுத்த வருஷம் என்று பார்த்ததும் மனசு நிறைந்துபோய்த்தான் படிக்க ஆரம்பித்தேன்.

முதல் வண்டி ஆறு பத்து. நான் எழுகிற நேரம். ஏழு இருபதுக்கு ஒன்று, என் இரத்த அழுத்த மாத்திரைக்கு. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் எட்டுக்கு முன்னால் கூடுதலாக ஒன்று. குப்பை வண்டி வருகிற நாட்கள். புதன்கிழமை பத்திலிருந்து நாலு வரை ஒரு கோடும் இல்லை. நான் என் அக்காவோடு வெந்நீர்க் குளத்துக்குக் குளிக்கப் போவேனே, இவர் நோயில் விழுந்த பிறகு நிறுத்திவிட்டேன், அந்தப் புதன்கிழமை. கடைசி வண்டி ஒன்பது நாற்பது. அதற்குப் பிறகு விடியும்வரை வெறும் வெள்ளைத் தாள்.

நிமிஷம் தவறாமல் கோடு போடுகிற ஆள். மறந்துபோய் விட்டிருக்க மாட்டார். மூச்சு எந்திரம் ஓடுகிற வீட்டு ராத்திரி இப்படி வெறுமையாக இருக்காது.

"ராத்திரில ஒரு வண்டியும் இல்லையே," என்றேன்.

"நீ... தூங்கணும்ல."

"நீங்க கம்ப்யூட்டரத் தொட்டப்ப நான் என்ன நெனச்சேன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லல. சூடு பட்டுப் பட்டுப் பதினோரு எஞ்சின்ல நான் சில்லு வச்சேன். பாத்துக்கிட்டே இருந்தீங்க."

"சந்தோஷமா... இருந்த, சயோ."

என்னால் அவரை அடிக்கவும் முடியாது. அவருடைய பழைய தகரப் பெட்டியைத் திறந்து பென்சிலையும் அடிக்கோலையும் ரப்பரையும் எடுத்து மேசையில் வைத்தேன். அந்த வெள்ளை இடத்தில் பன்னிரண்டு மணிக்கு ஒரு கோடு போட்டேன். இரண்டு மணிக்கு ஒன்று. நாலு மணிக்கு ஒன்று. போட்டுப் பழக்கமில்லை, மூன்றும் ஒழுங்காகச் சாயவில்லை. புதன்கிழமைப் பகலிலும் அடுக்கடுக்காகப் போட்டு நிரப்பினேன்.

"அழி," என்றார்.

நான் அழிக்கவில்லை. அவருடைய விரல் தாளின் ஓரத்திலிருந்து ரப்பரை நோக்கி ஊரத் தொடங்கியது. ஒரு சாண் தூரம்தான் இருக்கும். பாதி தூரம் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ரப்பரை எடுத்து என் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டேன். பக்கத்து அறையில் மூன்று பதினைந்து வண்டி, யாரும் தொடாமலே, நேரத்துக்குக் கிளம்பியது.