செட்டில் ஆன சித்தப்பா

வங்கி மேலாளர் என் கடன் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்தார். அதோடு இருந்த, என் பழைய கடன் கணக்கைக் காட்டும் சிபில் அறிக்கையில் ஒரே ஒரு வார்த்தையைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். செட்டில்ட். இரண்டு முறை படித்தேன். நல்ல வார்த்தையாகத்தான் தெரிந்தது.

"இதுல என்ன தப்பு மேடம்?"

"செட்டில்ட்னா முழுசாக் கட்டலைன்னு அர்த்தம்மா. முடியலைன்னு கெஞ்சி, குறைச்சுக் கட்டி, அவங்களும் போய்த் தொலையட்டும்னு விட்டிருக்காங்க. இந்த இடத்துல க்ளோஸ்ட்னு இருக்கணும். அப்பத்தான் நான் ஃபைலைத் தொட முடியும்."

"எங்க ஊர்ல செட்டில்னா மேடம்..."

"எல்லா ஊர்லயும் அப்படித்தான் நினைக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

நான் ஒரத்தநாடு தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஜெக்கரியா பாயின் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். பகலெல்லாம் சிட்டா, அடங்கல், பயிர்க் காப்பீடு. மாலையில் தஞ்சாவூருக்கு பஸ் பிடித்து, கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் டாலி வகுப்பு. நடந்ததைத் தினம் ஒரு பக்கம் வரிசைப்படி எழுதிப் பழகினால் கணக்கு தானாக வரும் என்பது வகுப்பு சாரின் கொள்கை. எழுதி வருகிறேன். கணக்கு இன்னும் வரவில்லை. டெபிட் எந்தப் பக்கம் என்று யாராவது திடீரென்று கேட்டால், சோற்றுக் கை எது என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டுதான் பதில் சொல்கிறேன்.

பாய் கடையை விற்கிறார். துபாயில் இருக்கும் மகளோடு போய் இருக்கப்போகிறார். "நீயே எடுத்துக்கம்மா. கார்த்திகை பொறக்கிற வரைக்கும் உனக்காகப் பார்ப்பேன். அப்புறம் பக்கோடாக்காரன்தான்" என்றார். பக்கத்துச் சிக்கன் பக்கோடாக் கடைக்காரருக்கு நடுச்சுவரை இடித்து ஒரே கடையாக்க ஆசை. எனக்கு வேலை போய்விடும் என்று அவரும் கவலைப்பட்டார். மாவு பிசைய ஆள் தேவை என்று சொல்லியனுப்பினார்.

அந்தச் சிவப்பு வட்டம் எப்படி என் அறிக்கையில் வந்தது என்றால், சித்தப்பாவால் வந்தது.

சித்தப்பா மரியஅந்தோணி, அப்பாவின் தம்பி. நாற்பத்தாறு வயது, தனி ஆள். சிங்கப்பூருக்குப் போய், போன வேகத்திலேயே திரும்பியவர். அதன் பிறகு கோழி வளர்த்தார், வாத்து வளர்த்தார், கொஞ்ச நாள் மீசை மட்டும் வளர்த்தார். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பூசை முடிந்து வெளியே வந்தால், "தம்பி செட்டில் ஆயிட்டாரா?" என்று யாராவது ஒருவர் அப்பாவிடம் கேட்காமல் போகமாட்டார்கள். சித்தப்பாவும் பக்கத்தில்தான் நிற்பார்.

நான்கு வருடத்துக்கு முன்னால், பேராவூரணியிலிருந்து தேங்காய் ஏற்றி விற்கப் பழைய லோடு வண்டி ஒன்றை ஃபைனான்ஸில் எடுத்தார். சம்பளச் சீட்டு உள்ள ஒருவர் ஜாமீன் போட வேண்டும் என்றார்கள். வீட்டில் சம்பளச் சீட்டு உள்ள ஒரே ஆள் நான். அந்தச் சீட்டை அச்சடித்ததும் நான்தான். கையெழுத்துப் போட்டேன். அந்தக் கடன் என் அறிக்கையிலும் ஏறிக்கொண்டது. தேங்காய் விலை விழுந்தது, தவணை நின்றது. வசூலுக்குப் பக்கிரி என்பவர் காலையில் வந்து அடிபம்புக்குப் பக்கத்தில் நின்று, சித்தப்பாவின் பெயரையும் பாக்கியையும் ஏலம் விடுகிற குரலில் சொல்வார். தண்ணீர் பிடிக்க நிற்கும் பெண்களுக்கு எங்கள் வட்டிக் கணக்கு மனப்பாடம். எனக்குத்தான் வராது.

கடைசியில் ஒரு சமரச முகாம் நடத்தினார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு, கொஞ்சம் பணமும் வாங்கிக்கொண்டு, மீதி முப்பத்தெட்டாயிரத்தைத் தள்ளுபடி செய்து கடிதம் கொடுத்தார்கள். அதில் சித்தப்பாவின் பெயருக்கு நேராக செட்டில்ட் என்று இருந்தது. அதைப் பார்த்துச் சித்தப்பா அழுதேவிட்டார். எங்கள் கடைக்கே கொண்டுவந்து லேமினேட் செய்து, வீட்டில் மாதா படத்துக்குக் கீழே மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை நன்றித் திருப்பலிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். சீட்டில் கடன் என்ற வார்த்தை இல்லை. "மரியஅந்தோணி செட்டில் ஆனதற்கு நன்றியாக" என்று சாமியார் பீடத்திலிருந்து வாசித்தார். பூசை முடிந்ததும் வரிசையாக வந்து கை கொடுத்தார்கள். அடுத்த வாரம் நாகப்பட்டினத்திலிருந்து ஒரு சம்பந்தம் விசாரிக்க வந்தது. விசாரித்துவிட்டுப் போனது.

இந்த மனிதரிடம்தான் நான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது அவர் அறுப்பு மிஷின் புரோக்கர். குறுவை அறுவடை நேரம், காதிலிருந்து போனை எடுப்பதில்லை. எடுக்கும்வரை காத்திருந்தேன்.

"சித்தப்பா, அந்த முப்பத்தெட்டாயிரத்தைக் கட்டணும்."

"எந்த முப்பத்தெட்டாயிரம்?"

"தள்ளுபடி பண்ணினது."

"ஆடித் தள்ளுபடியில வேட்டி எடுத்துட்டு, ஆவணியில போய் மீதிப் பணம் கொடுத்தவனை நீ பாத்திருக்கியா?"

அவர் சொன்னது சரி என்றே பட்டது. எனக்கு எப்போதும் கடைசியாகப் பேசினவர் சொன்னதுதான் சரியாகப் படும். இருந்தாலும் வங்கியில் சொன்னதை வரிசையாகச் சொன்னேன். செட்டில்ட் போய் க்ளோஸ்ட் வந்தால்தான் எனக்குக் கடன் கிடைக்கும், கடை கிடைக்கும் என்றேன். சித்தப்பா மாதா படத்துக்குக் கீழே பார்த்தார்.

"இத்தனை வருஷத்துல ஒரே ஒரு பேப்பர்லதான் நான் செட்டில்னு எழுதியிருக்கு. அதையும் அழிக்கணுங்கிற."

பக்கோடா மாவு ஞாபகம் வந்தது.

"நீங்களே ஆபீஸ்ல வந்து கேளுங்க சித்தப்பா. நான் சொல்றது தப்புன்னா விட்டுடறேன்."

"அதை நிரூபிக்கவாவது வரேன்."

ஃபைனான்ஸ் அலுவலகம் தஞ்சாவூரில் ஒரு செல்போன் கடைக்கு மேலே, மாடியில். சித்தப்பா வெள்ளைச் சட்டை போட்டு, லேமினேட் செய்த கடிதத்தைத் திருப்பலிப் புத்தகம் போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படி ஏறினார். கிளை மேலாளர் பரணிதரனுக்கு என் வயதுதான் இருக்கும். கழுத்தில் டை. கடிதத்தைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"செட்டில்ட்னா சார்... எப்படிச் சொல்றது. உங்களால முடியாதுன்னு முடிவு பண்ணி விட்டுட்டோம்னு அர்த்தம்."

"என்னால முடியாதுன்னு யாரு சொன்னது?"

"சிஸ்டம் சார்."

"அவரு எந்த ஊரு?"

பரணிதரன் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். சித்தப்பாவின் காது சிவந்திருந்தது. ஊரே கை கொடுத்தது நினைவுக்கு வந்திருக்கும். பிறகு இடுப்புப் பையைத் திறந்து, குறுவைக்கு வாங்கிய கமிஷன் பணத்தை அப்படியே மேசையில் வைத்தார்.

"எண்ணிக்குங்க."

"வாங்க முடியாது சார். எங்க பக்கம் கணக்கு முடிஞ்சிருச்சு. பணம் வரவு வைக்க இடமே இல்ல. ஹெட் ஆபீஸ்ல கேக்கணும். தள்ளுபடியைத் திருப்பிக் கட்டுறேன்னு இதுவரைக்கும் ஒருத்தர்கூட வந்ததில்ல சார்."

"எப்பக் கேப்பீங்க?"

"பார்க்கலாம் சார்."

இந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது. பக்கிரியிடம் சித்தப்பா மாதக் கணக்கில் சொல்லி வந்த வார்த்தை அது. அதற்குள்ளே ஒன்றுமே கிடையாது என்பது அவருக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலை சித்தப்பா முதல் பஸ்ஸில் போய் மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டார். நான் மாலை வகுப்புக்குப் போகிற வழியில் அந்தத் தெருவில் திரும்பியபோதே குரல் கேட்டது.

"பரணிதரன்... மெடிக்கல் காலேஜ் ரோட்டு ஆபீஸு... முப்பத்தெட்டாயிரம் வாங்கணும், இன்னும் வாங்கல. டை கட்டத் தெரியுது, பணம் வாங்கத் தெரியல. வாங்க வக்கில்லாதவனுக்கு ஆபீஸ் எதுக்குய்யா?"

செல்போன் கடைக்காரர்கள் வெளியே வந்து நின்று பார்த்தார்கள். சித்தப்பா போனிலும் விடவில்லையாம். சாப்பாட்டு நேரம் பார்த்து அழைத்து, "சாப்பிடுறீங்களா சார்? எப்படி சார் இறங்குது?" என்று கேட்டிருக்கிறார். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கொடுங்கள் என்றும் கேட்டிருக்கிறார். பக்கிரி எங்கள் வீட்டில் பேசியது ஒன்றுகூட வீணாகவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. நான்தான் இதை ஆரம்பித்தேன், தவறாக ஆரம்பித்துவிட்டேனோ என்றும் இருந்தது. ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

நான் நிற்கும்போதே பக்கிரி வசூல் முடித்துப் பையோடு வந்து இறங்கினார்.

"அண்ணே, கொஞ்சம் மெதுவாண்ணே. நான்கூட இப்படிக் கத்தினது கிடையாது."

"நீ கத்தினதுல பாதிதான் இது. மீதி நாளைக்கு."

"தவணை கட்ட வர்றவங்க உங்களை நான்னு நினைச்சு, படியேறாமலே ஓடிப்போயிடறாங்கண்ணே. இப்படியே போனா இந்த மாசம் எனக்கு டார்கெட் போயிரும்."

"உங்க மேனேஜர்கிட்டச் சொல்லு."

சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. அந்த வாரக் கடைசியில் பரணிதரனே போன் செய்து, ஹெட் ஆபீஸ் அனுமதித்துவிட்டது, கையெடுத்துக் கும்பிடுகிறேன், பணத்தைக் கட்டிவிடுங்கள் என்றார். பழைய கடிதத்தை மட்டும் அசலாகத் திருப்பித் தர வேண்டும். ரத்து முத்திரை குத்தினால் லேமினேஷனில் மை ஒட்டவில்லை. வழித்து வழித்துக் குத்தினார்கள். சித்தப்பா அதைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். பாதிப் பணத்தை நான் தருகிறேன் என்றேன். "உன் காசை வச்சுக்க. கடைக்கு ஆகும்" என்றார். புதுக் கடிதம் கைக்கு வந்ததும் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"க்ளோஸ்ட்டா? கடையைச் சாத்திட்டுப் போன மாதிரி இருக்கு."

"அதுதான் நல்ல வார்த்தை சித்தப்பா."

"இந்த இங்கிலீஷ்காரனை நம்பி ஒரு பூசை வீணாப் போச்சு."

அறிக்கையில் வார்த்தை மாற ஐப்பசியில் பெரும்பகுதி பிடித்தது. அதற்குள் பக்கோடாக்காரர் டேப்போடு வந்து சுவரை அளந்தார். நான் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். கார்த்திகைக்கு முந்தின வாரம் வங்கியிலிருந்து அழைத்தார்கள். மேலாளர் புது அறிக்கையைப் பார்த்துவிட்டு, இப்போது தொட முடியும், ஆனால் சிபில் மதிப்பெண் இன்னும் ஏற வேண்டியிருப்பதால் கேட்ட நான்கு லட்சம் கிடையாது, மூன்றுதான் என்றார். தவணை மாதம் தவறாமல் கட்டினால் அடுத்த முறை யோசிப்பாராம். கையெழுத்துப் போட்டேன். என் கடனுக்கு என் கையெழுத்து.

ஒரு லட்சம் குறைகிறது. பாயிடம் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் நான்கு விதமாக யோசித்தேன். நான்கும் அழுகையில் முடிந்தன. கடையில் சித்தப்பா ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். பாயைத் தெருவில் நிறுத்திக் கத்தவும் தயாராக இருந்தார்.

"பாய், மூணுதான் கிடைச்சுது."

"நான் நாலு சொன்னேம்மா. பக்கோடாக்காரன் நாலேகால் தர்றான்."

சித்தப்பா தொண்டையைச் செருமினார்.

"நீங்க பேசாம இருங்க சித்தப்பா" என்றேன். நான் சொன்னது எனக்கே கேட்டது. "பாய், பெரிய மிஷினு, ரெண்டு பீரோ, ஏசி, இதெல்லாம் எனக்கு வேண்டாம். வித்துக்குங்க. ஒன்றரைக்குக் கம்மியாப் போகாது. சின்ன மிஷினும் கம்ப்யூட்டரும் இடமும் போதும். பக்கோடாக்காரர் நாலேகால் தர்றது சரி. ஆனா ஒரு லட்சம்தான் கையில, மீதி தை மாசம்னு சுவரை அளக்க வந்தப்ப அவரே சொன்னாரு. நீங்க துபாய்ல உட்காந்துக்கிட்டு அவர்கிட்ட எப்படி வசூல் பண்ணுவீங்க?"

பாய் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா நல்ல பிள்ளையாகக் கை கட்டி உட்கார்ந்திருந்தார்.

"இவரை அனுப்பலாம்னு நினைச்சேன்" என்றார் பாய்.

"இவரு எங்க ஆளு பாய்."

பாய் வெகுநேரம் கணக்குப் போட்டார். பக்கத்துக் கடையில் எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்டது. கடைசியில் சாவிக் கொத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"சரி, எடுத்துக்க. ஆனா இந்த ஸ்டேப்ளர் என்னோடது. கடைக் கணக்குல சேராது."

ஸ்டேப்ளரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் சாவியை எடுத்துக்கொண்டேன்.