வெர்லின் வந்தால் இரண்டு

எண்ணுவதில் என்னை மிஞ்ச எங்கள் ஊரில் ஆள் கிடையாது என்று நான் நினைத்திருந்த காலம் ஒன்று உண்டு. முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன். காலையில் ஏறிய தலைகளும் மாலையில் இறங்கிய தலைகளும் ஒரு நாள்கூடக் கணக்குத் தப்பியதில்லை. அதனால்தான் கட்சிக்காரர்கள் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சி கூட்டும் எங்கள் வட்டாரத்துக் காக்கஸ் கூட்டத்துக்கு என்னைத் தலைவனாகப் போட்டார்கள். "ஓரின் எண்ணினா சரியா இருக்கும்" என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது.

மற்ற ஊர்களில் பிடித்த வேட்பாளரைச் சீட்டில் குறித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி வீட்டுக்குப் போய்விடலாம். அயோவா மாநிலத்தில் எங்கள் கட்சிக்காரர்கள் காலால் ஓட்டுப் போடுகிறவர்கள். ஜனவரிக் குளிரில் பள்ளியின் கூடைப்பந்துக் கூடத்தில் கூடி, அவரவருக்குப் பிடித்தவரின் மூலையில் போய் நிற்கவேண்டும். யார் எங்கே நிற்கிறார் என்று பல் டாக்டர் முதல் சம்பந்தி வரை எல்லோரும் பார்ப்பார்கள். வந்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேராவது சேராத மூலை கரையேறாது. அங்கே நின்றவர்கள் வேறு மூலைக்குப் போகலாம், இல்லாவிட்டால் குளிர்க்கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பலாம்.

வருகிறவர்களில் பாதிக்கு மேல் என்னைப் போல முழங்கால் மாற்றிக்கொண்டவர்கள்தான். நிற்க முடியாமல் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு மூலை நகர்வோம். பிள்ளைகள் இந்தப் பனியில் எதற்கு இந்தப் பாடு என்று கேட்கிறார்கள். வண்டி பள்ளத்தில் இறங்கினாலும் நாங்கள் வருவோம். வராவிட்டால் அடுத்த நான்கு வருஷம் அரசாங்கத்தைத் திட்ட என்ன யோக்கியதை இருக்கிறது?

அப்படி ஒரு கூட்டத்தையும் தவறவிடாதவர் வெர்லின் க்ரூஸ். எழுபத்தொன்பது வயது. பன்றிப் பண்ணை வைத்திருந்தவர். கொரியாவில் இரண்டு குளிர்காலம் படையில் இருந்தவர். கூட்டம் தொடங்கும்போது கொடியைப் பார்த்து நெஞ்சில் கைவைத்து உறுதிமொழி சொல்வோமே, அதை எடுத்துக்கொடுப்பது எப்போதும் அவர்தான். செனட்டர் ஒருவருக்கு நாற்பது வருஷமாக எங்கள் ஊரில் அவர்தான் வலது கை. அந்த செனட்டர் முதன்முதலாகத் தேர்தலில் நின்ற காலத்தில் வெர்லின் வீட்டு மேஜையில் சாப்பிட்டு, உருளைக்கிழங்கை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். இப்போது ஜனாதிபதி ஆசையில் நின்றார்.

வெர்லினின் மனைவி ஆர்டிஸ். வயது எழுபத்து நான்கு. கூட்டத்துக்குக் கூட்டம் ஓட்ஸும் பேரீச்சம்பழமும் போட்ட கேக்கைச் சதுரமாக வெட்டித் தட்டில் கொண்டுவருவார். எல்லா மூலைக்கும் கொடுப்பார். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. கடைசியில் வெர்லின் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவார். எங்கள் கட்சியில் அது ஒரு வாய்பாடு: வெர்லின் வந்தால் இரண்டு.

நான் சொல்லும் கூட்டம், எங்கள் நாடு வெளிநாட்டில் போர் தொடங்கி ஐந்தாவது குளிர்காலத்தில் நடந்தது. எண்பது பேர் வந்தார்கள். எண்பதுக்குப் பன்னிரண்டு பேர் இருந்தால் மூலை கரையேறும். கவர்னருக்கு ஒரு மூலை, வக்கீல் ஒருவருக்கு ஒரு மூலை, செனட்டருக்கு ஒரு மூலை. நான்காவது மூலை, போர் வேண்டாம் என்று ஆரம்பத்திலிருந்தே கத்திக்கொண்டிருந்த ஒரு மேயரம்மாவுக்கு. அந்த மூலைக்கு நூலகத்து ஜெனீன் பொறுப்பு. பெரிய மூலைகள் இரண்டும் கவலையில்லை. சின்ன மூலைகள் இரண்டும்தான் ஊசலாடின.

எண்ணத் தொடங்கினேன். கவர்னருக்கு முப்பது. வக்கீலுக்கு இருபத்தேழு. செனட்டர் மூலையில் வெர்லினுக்குப் பக்கத்து நாற்காலியில் ஆர்டிஸின் கைப்பை மட்டும் இருந்தது.

"ஆர்டிஸ் எங்கப்பா?" என்றேன்.

"கேக் கொடுத்துட்டு வருவா. எழுதிக்கோ" என்றார் வெர்லின்.

எழுதிக்கொண்டேன். பன்னிரண்டு. ஜெனீனின் மூலையில் ஆர்டிஸ் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். ஒரு சதுரம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அவரைத் தாண்டி எண்ணினேன். பதினொன்று. எல்லாவற்றையும் கூட்டினால் எண்பது. வந்தவர்களும் எண்பது. என்னைப் போல் யார் என்று நினைத்துக்கொண்டே மைக்கைப் பிடித்து அறிவித்தேன். செனட்டர் கரையேறினார், மேயரம்மா ஒரு தலை குறைவால் கவிழ்ந்தார்.

செனட்டர் மூலையில் கைதட்டல். வெர்லினின் தோழன் டுவேன் விசிலடித்தான். உர மூட்டை விற்று ஓய்வு பெற்றவன், வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை.

அப்போது ஒரு குரல் கேட்டது. "ஓரின், நீ என்னை எண்ணலை."

ஆர்டிஸ்தான். தட்டை ஜெனீன் கையில் கொடுத்துவிட்டு ஓரடி முன்னால் வந்திருந்தார்.

"எண்ணிட்டேனே ஆர்டிஸ்."

"எங்க எண்ணினே?"

"வெர்லினோடதான். வேற எங்க?"

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். இப்போது நினைத்தாலும் அந்தச் சிரிப்புக்காக என்னையே நாலு சாத்து சாத்தலாம் போல இருக்கிறது.

"நான் அங்க இல்லையே. இங்க நிக்கிறேன். கேக் கொடுக்க நிக்கலை" என்றார் ஆர்டிஸ்.

சிரிப்பு அடங்கிவிட்டது. டுவேன் எழுந்தான். "தலைவரே, அறிவிச்சது அறிவிச்சதுதான். இனிமே மாத்தினா இது என்ன சந்தைக்கடையா?"

நியாயப்படி நான் என்ன செய்திருக்கவேண்டும்? தப்பு என்னுடையது, திருத்துகிறேன் என்று சொல்லியிருக்கவேண்டும். எனக்கோ வாய் வரவில்லை. எண்பது பேர் முன்னால் என் கணக்குத் தப்பிப்போனதே என்ற ரோஷம் ஒரு பக்கம். ஆர்டிஸ் மூலை மாறினால் செனட்டர் மூலை பதினொன்றாகிக் கவிழ்ந்துவிடும், வெர்லினின் நாற்பது வருஷ உழைப்பு என் கையால் போகும் என்ற பயம் மறுபக்கம். கோழை மாதிரி அவர் பக்கம் திரும்பினேன்.

"வெர்லின், நீ என்னப்பா சொல்றே?"

"அவரை ஏன் கேக்கிறே?" ஆர்டிஸின் குரல் உயர்ந்தது. "நிக்கிறது நான். என்னைக் கேளு."

எனக்குக் காது சூடாகிவிட்டது. வெர்லின் மெதுவாக எழுந்தார். எல்லோருக்கும் முன்னால் அறை வாங்கிய மாதிரி இருந்தது அவர் முகம்.

"எப்பலேருந்து இது?" என்று மனைவியைக் கேட்டார்.

"கர்ட் திரும்பி வந்ததுலேருந்து."

கர்ட் அவர்களுடைய மகன். தேசியக் காவல் படையோடு அந்தப் போருக்குப் போய்வந்தவன். கை கால் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் கதவு சாத்திய அறையில் அவனால் பத்து நிமிஷம் உட்கார முடியாது. அந்த கிறிஸ்துமஸுக்குக்கூட வாசலில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனான் என்று ஊருக்கே தெரியும்.

"செனட்டர் நம்ம வீட்டுல சாப்பிட்டவரு, ஆர்டிஸ்."

"சாப்பிட்டாரு. நான்தான் பரிமாறினேன். என் பிள்ளையைப் போருக்கு அனுப்பச் சொல்லி செனட்ல கை தூக்கினவரும் அவருதான். அந்தக் கையால அவர் இன்னொரு தடவை கேட்டா நான் உருளைக்கிழங்கு வேணா வைப்பேன். ஓட்டு வைக்க மாட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நீ கேட்டிருக்கலாம்."

யாரோ இருமினார்கள். ஆர்டிஸ் கொஞ்சம் தணிந்து சொன்னார். "சண்டைக்கு வரலை வெர்லின். கொடிக்கு முன்னால நீ சொன்னப்ப நானும்தான் நெஞ்சுல கை வெச்சுச் சொன்னேன். இது என் தேசமும்தான். என்னை இங்க எண்ணட்டும். அவ்வளவுதான்."

வெர்லின் என் பக்கம் திரும்பினார். டுவேன் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். "சும்மா இரு வெர்லின். நீ வாயைத் திறக்காம இருந்தாலே போதும். நாம ஜெயிச்சாச்சு."

அது உண்மை. அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தால் நான் பழைய கணக்கையே வைத்திருப்பேன். அந்த அளவுக்குத்தான் என் நேர்மை அன்றைக்கு இருந்தது. ஒளிப்பானேன்.

வெர்லின் கையை விடுவித்துக்கொண்டார். "நம்ம மூலைக்குப் பதினொண்ணுன்னு எழுது, ஓரின். நான் தனியாத்தான் வந்திருக்கேன்" என்றார்.

அடித்துத் திருத்தி மறுபடி அறிவித்தேன். மேயரம்மா பன்னிரண்டு, கரையேறினார். செனட்டர் பதினொன்று, கவிழ்ந்தார். ஆட்கள் மாறிக்கொள்ள அரை மணி நேரம் கொடுத்தேன்.

செனட்டருக்கு இன்னும் வழியிருந்தது. ஒரே ஒரு ஆளை இழுத்தால் போதும். டுவேன் பெரிய மூலைகளுக்கு ஓடினான், பழைய கடனெல்லாம் நினைவூட்டினான், ஒருவரும் அசையவில்லை. பிறகு வெர்லினிடம் வந்து நின்றான். "உன் பெண்டாட்டிகிட்ட போய்க் கேளு. ஒரு ஆள்தானே. நீ கேட்டா வந்துடுவா."

"வந்துடுவா" என்றார் வெர்லின். "அதனாலதான் கேக்க மாட்டேன்."

"நாற்பது வருஷம் அந்த மனுஷனுக்காக உழைச்சிருக்கே!"

"நீ போய் நாற்காலியைத் தூக்கு, டுவேன்."

டுவேன் நாற்காலியை எடுக்காமலே முணுமுணுத்துக்கொண்டு கவர்னர் மூலைக்குப் போனான், ஐந்து பேர் அப்படியே அவன் பின்னால் போனார்கள். மூவர் வக்கீல் மூலைக்குப் போனார்கள். ஒரு கிழவர் ஜெனீனிடம், "கேக் அங்கதானே இருக்கு?" என்று கேட்டுக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தார். கடைசியில் செனட்டர் மூலையில் காலி நாற்காலிகளுக்கு நடுவில் வெர்லின் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

ஜெனீன் கையை ஆட்டிக் கூப்பிட்டார். "வாங்க வெர்லின், இங்க இடம் இருக்கு!" ஆர்டிஸ் கூப்பிடவில்லை. கணவனைப் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றார். கூப்பிட்டால் அவர் வருவார் என்று ஆர்டிஸுக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

நேரம் முடியப்போகிறது என்று நான் அவரிடம் போனேன். "வெர்லின், எங்கயாவது போய் நில்லுப்பா. இல்லேன்னா உன் தலை கணக்குல வராது. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட உன்னை விட்டு எண்ணினதில்லை."

"அவர் என் மேஜையில சாப்பிட்டவரு, ஓரின். அவர் செஞ்சது தப்பாவே இருக்கட்டும். அவர் தோத்த அஞ்சாவது நிமிஷம் இன்னொருத்தர் பின்னால போய் என்னால நிக்க முடியாது."

"அப்ப நீ சைபர்."

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். சிரிப்பு என்று சொல்லமுடியாது, வாய் ஒரு பக்கம் போயிற்று. "இத்தனை வருஷமா என்னை ரெண்டா எண்ணியிருக்கியே. ஒரு தடவை சைபரா எண்ணினா குடி முழுகிடாது, போ."

 மைக்கிடம் போனேன். இந்தத் தடவை நான் எண்ணவில்லை. ஒவ்வொருவரும் தன் எண்ணைத் தானே உரக்கச் சொல்லவேண்டும் என்று சொல்லிவிட்டேன். கவர்னர் மூலை முப்பத்தாறு வரை சொன்னது. வக்கீல் மூலை முப்பது வரை சொன்னது.

பிறகு ஜெனீனின் மூலை. ஒன்று, இரண்டு என்று வரிசையாக வந்தது. ஆறு என்றவருக்கு அடுத்து ஆர்டிஸ் நின்றார். முதுகை நிமிர்த்திக்கொண்டு, கூடத்தின் கடைசிச் சுவர்வரை கேட்கும்படி, "ஏழு" என்றார்.

நான் வெர்லினைப் பார்த்தேன். காலி நாற்காலிகளுக்கு நடுவில் முன்னால் குனிந்து, முழங்காலில் கையூன்றி உட்கார்ந்திருந்தார். அவர் உதடுகள் ஓசையில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. எட்டு, ஒன்பது என்று அவரும் கூடவே எண்ணிக்கொண்டு வந்தார். பன்னிரண்டு என்ற குரல் கேட்டபிறகுதான் மூச்சை விட்டு நாற்காலியில் சாய்ந்தார்.