ஒரு முடிச்சு கோழிக்கொண்டை விதை

"அம்மா, இது திங்கிற வெதையா, பூக்குற வெதையா?"

ஏழு வயது ஜெயா கேட்ட கேள்வி அது. அவள் அம்மா கோமளா காய்ந்த கோழிக்கொண்டைப் பூவை உள்ளங்கையில் கசக்கி உமியை ஊதிக்கொண்டிருந்தாள். கடுகைவிடச் சிறிய கறுப்பு மணிகள் பளபளத்தன.

"பூக்குறதுதான்டி. ஒனக்குக் காய்ச்சல் எறங்கினதுக்கு ஆத்தாவுக்கு நேந்துக்கிட்டது."

மலாய் நாட்டில் அவசரகாலத்தின் நான்காம் ஆண்டு. மெர்லிமாவுக்கு அருகே அந்த ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கிளர்ச்சிக்காரர்களுக்கு உணவு போய்விடக் கூடாது என்று, வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டில் சோதிப்பார்கள். மாரியம்மன் கோயில் கம்பிக்கு வெளியே, ரப்பர் நிழல் விழாத வெட்டவெளியில் இருந்தது. கோழிக்கொண்டைக்கு அந்த வெயில்தான் வேண்டும். பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா பால்மரம் வெட்டும் நிரை, அவளுக்கு ஒதுக்கிய மரவரிசை, கோயிலை ஒட்டியது.

"அக்கா, போற வழியில தூவிடுறீங்களா?"

"குடு. வெயில்ல காயறதுல நானும் அதுவும் ஒரே சாதிதானே!"

மறுநாள் கேட்டில், சோதனை செய்யும் மலாய்க்காரப் பெண் குஞ்சம்மாவின் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "மக்கான்?" என்றாள். தின்கிற பொருளா என்று கேட்கிறாள். குஞ்சம்மாவுக்கு மலாய் வராது. புரியாமல் ஆமென்று தலையை ஆட்டினாள். பின்னால் நின்ற கோமளாவை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

மகளுக்குச் சொன்ன பதில்தான். தனக்குத் தெரிந்த மலாயில் 'புங்கா', பூ என்று ஒரு சொல் போதும். கோமளா தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போலீஸ் லாரி குஞ்சம்மாவை ஏற்றிக்கொண்டு போனது.

ஆறு நாள் கழித்து அவள் திரும்பினாள். நிரையைப் பறித்து, கூலி குறைந்த புல்வெட்டுக்கு அவளை மாற்றியிருந்தார்கள்.

"ஆறு நாளும் ஒக்கார வச்சு சோறு போட்டானுங்க லா! எம் புருசன்கூட அப்படிப் போட்டதில்ல" என்றாள். லயமே சிரித்தது.

கோமளா தனியாகப் போய், "அக்கா, நான் அன்னைக்கு..." என்று தொடங்கினாள்.

"விடுடி. ஒன்னையும் புடிச்சிருந்தா ஜெயாவுக்கு யாரு?"

திட்டியிருந்தால் கோமளா தாங்கியிருப்பாள்.

விடிந்ததும் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் ஆபீசுக்குப் போனாள். "ஐயா, அந்த வெதை என்னுது. பூ வெதை. பயந்துகிட்டு நான் வாயத் தொறக்கல."

கிராணி கண்ணாடியைக் கழற்றினார். "அன்னைக்கே சொல்லியிருந்தா அந்தம்மா போலீஸ் ஸ்டேஷன் வாசல மிதிச்சிருக்க மாட்டாங்களே."

"ஆமாங்கய்யா."

"நிரையத் திருப்பிக் குடுத்திடலாம். புல்லுக்கு ஆள் கொறையுமே, நீ போறியா?"

"போறேங்கய்யா. அக்காவுக்கு மட்டும் தெரிய வேணாம்."

வீட்டில் இருந்த மீதி விதையைக் கேட்டைத் தாண்டிக் கொண்டுபோக ஒரு துண்டுச் சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

"ஆத்தா கண்ணத் தொறந்துட்டாடி! என் நிரை வந்திடுச்சு!" என்று குஞ்சம்மா ஓடிவந்து சொன்னாள்.

"ஆமாக்கா" என்றாள் கோமளா.

அன்று புல்வெட்டு முடிந்த உச்சிவெயிலில் கோயிலில் யாரும் இல்லை. கோமளா மண்ணைக் கொத்தி, விதையை மணலோடு கலந்து தூவினாள். ஆழம் போகாமல் உள்ளங்கையால் அழுத்தினாள். எறும்பு இழுக்காதபடி சுற்றிலும் சாம்பல் கோடு போட்டாள். பாதி பாத்தி ஜெயாவின் பேரில் என்று அம்மனிடம் சொன்னாள். மறு பாதிக்கு வந்தபோது, "குஞ்சம்மா" என்று வாய்விட்டுச் சொல்லி, கையால் தண்ணீர் தெளித்தாள்.