வலமிருந்து எழுதிய கட்டங்கள்

பட்ட காலிலே படும் என்பார்கள். ஜெகபர் அலிக்குக் கண்ணிலே பட்டது. சென்னைக்குத் தபால் அனுப்பவேண்டிய கடைசி நாளன்று இரண்டு கண்ணும் சிவந்து, பீளை கட்டி ஒட்டிக்கொண்டன. அவன் கோட்டைப்பட்டினத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அந்த வேலையும் 1967 மே மாதத்தோடு சரி. கம்ப்யூட்டர் வைத்திருந்த சென்னை நிலையம் ஒன்று ஆள் எடுப்பதாகப் பேப்பரில் போட்டிருந்தது. பரீட்சை ஒன்றே ஒன்றுதான். ஐந்துக்கு ஐந்து கட்டம், சிலவற்றில் மட்டும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண். எந்த வரிசையிலும் பத்தியிலும் ஓர் எண் இரண்டு முறை வராமல் மிச்சத்தை இயந்திரம் நிரப்பவேண்டும். எப்படி நிரப்புவது, முட்டிக்கொண்டால் எப்படிப் பின்வாங்கி வேறு எண் போடுவது என்று அதற்குப் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கும் ப்ரோகிராமை எழுதி அனுப்பவேண்டியது இவன் பாடு.

இருபது நாள் சோறு தண்ணி பார்க்காமல் எழுதியிருந்தான். வேலை கிடைக்காவிட்டால் பினாங்கில் அவன் மாமாவின் கடை காத்திருந்தது. அந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே அவன் மனைவி ரஹீமா பீவிக்கு ஆகாது. அவளுக்கு மூன்று வயதில் அவளைப் பெற்ற அத்தா பினாங்குக்குக் கப்பலேறினார். நான்கு வருஷம் கடிதம் வந்தது. அப்புறம் அதுவும் இல்லை. கூடவே இருக்கும் அவள் அம்மா இன்னும் பஸ் சத்தம் கேட்டால் வாசலுக்கு வருகிறாள்.

ப்ரோகிராம் முடிந்திருந்தது. கேள்வியில் கொடுத்திருந்த எண்களை இயந்திரத்துக்குக் கொடுப்பதற்காகத் தனித்தாளில் கட்டம் கட்டமாக எழுதுவது மட்டும் பாக்கி. ரஹீமாவுக்குத் தெரிந்த எழுத்து, தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ்தான். எண்களைக் காலண்டரில் பழகியிருந்தாள். அவள் பார்த்து எழுதினால் குழம்பிவிடுவாள் என்று ஜெகபர் அலிக்கு எண்ணம். கேள்வி அவனுக்கு மனப்பாடம் வேறு. துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாகச் சொன்னான். காலிக் கட்டத்துக்குச் சைபர். அவள் எழுதினாள். திரும்பப் படிக்கச் சொன்னான். படித்தாள். ஓர் எண்கூடப் பிசகவில்லை. பன்னிரண்டு மணித் தபாலில் சேர்த்துவிட்டு வந்தாள்.

மறுநாள் பாயை உதறும்போது கேள்வித்தாள் விழுந்தது. முதல் வரிசையின் இடக்கோடியில் இரண்டு அச்சாகியிருந்தது. அவள் இரண்டை எழுதியது வலக்கோடியில். பேனா பிடித்த நாளிலிருந்து அவள் கை வலப்பக்கம்தான் தொடங்கும். எழுதியதும் அப்படி, படித்துக் காட்டியதும் அப்படி. பிறகு எப்படிப் பிழை தெரியும்? இருபத்தைந்து கட்டமும் இடம் வலமாகப் போய்விட்டன.

அவனிடம் அதைச் சொல்லவில்லை. அவனோ கண் தெளிந்து, தபால் என்னாயிற்று என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு கேள்வியும் அவளுக்குக் கப்பலின் ஊதல்தான். மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, அவன் பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரம், தபால்காரர் மலையாண்டி நீளக் கவரைக் கொடுத்தார். சென்னைக் கவர், இங்கிலீஷ் எழுத்து. பிரிக்காமலே அவளுக்கு உள்ளே இருப்பது தெரிந்துவிட்டது. தோற்றுப்போன கடிதம்தானே, நாலு நாள் கழித்துப் படித்தால் நாலு நாள் மிச்சம் என்று அரிசிப் பானைக்குள் சொருகினாள். அன்றிலிருந்து உலைக்குக் கவரை ஒதுக்கிவிட்டுத்தான் அரிசி அள்ளினாள்.

புதன்கிழமை காலை அவன் சட்டையை மாட்டினான். பதில் வராததே பதில், நாகப்பட்டினம் போய்க் கப்பலுக்குச் சீட்டுப் போட்டுவிட்டு வருகிறேன் என்றான். ரஹீமா பானைக்குள் கையை விட்டாள்.

"மச்சான், வெள்ளிக்கெழமையே வந்துருச்சு. நாந்தான் ஒளிச்சு வச்சேன். கட்டத்தையெல்லாம் வலத்தேருந்து எழுதிட்டேன். ஒங்க மேல தப்பில்ல."

அவன் கவரைக் கிழித்தான். அரிசிமணிகள் உதிர்ந்தன. ஒருமுறை படித்தான், மறுபடி முதலிலிருந்து படித்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். இயந்திரம் விடை கொடுத்துவிட்டதாம். அது அவர்கள் விடையோடு ஒத்துவரவில்லையாம். ஆனால் ஒரு விதிகூட மீறவில்லையாம். தலையைப் பிய்த்துக்கொண்டு பார்த்ததில், கண்ணாடியில் தெரிகிற மாதிரி முழுக்க இடம் வலமாக இருந்ததாம். கேட்காத கேள்விக்கே சரியாக விடை சொல்லும் ப்ரோகிராமை எழுதியவரை நேரில் பார்க்கவேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

ரஹீமாவுக்குக் கண் நிறைந்தது. "எப்ப வரச்சொல்லி இருக்காங்க?"

அவன் கடிதத்தை மடித்தான்.

"நேத்து. காலையில பத்து மணிக்கு."

அவன் அடித்திருந்தால்கூடத் தேவலை. கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு செருப்பைத் தேடினான். நாகப்பட்டினத்துக்குத்தான் என்று அவள் நினைத்தாள்.

"புதுக்கோட்டை பஸ்ஸைப் பிடிக்கிறேன். ராத்திரி ரயிலேறினா நாளைக்குக் காலையில மெட்ராஸ்."

"ரெண்டு நாள் பிந்திப் போயி என்ன மச்சான் சொல்லுவீங்க?"

"எம் பொண்டாட்டி பயந்துட்டா, அதான் பிந்திருச்சுன்னு சொல்றேன்."

பஸ் சத்தம் கேட்டது. அவன் ஓடினான். ரஹீமா வாசலுக்கு வந்தபோது அவளுடைய அம்மா அங்கே முன்னமே நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் இவளும் போய் நின்றாள்.