குஞ்சம்மாவைத் தேடிப் போன மண்டபம்

போன வருஷம் மார்ச் எட்டாம் தேதி காலை பதினொன்றே காலுக்கு, காரைக்காலில் ஒரு கல்யாண மண்டபம், உள்ளே இருந்த இருநூற்றுப் பதினாறு பேரோடு எழுந்து கருக்களாச்சேரிக்கு நடந்து போனது. வழியில் சிக்னலுக்கு நின்றது. அம்பகரத்தூர் பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டது.

எல்லாம் தன்னால் வந்த வினை என்று மதிவதனியே சொல்கிறாள். மகளிர் மன்றத்தின் செயலாளர். கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறவள். மகளிர் தின விழாவை இலவசமாக எடுத்தால் பெண்களின் சாதனைக்கு மதிப்பிருக்காது என்று ஆறு கூட்டங்களில் தொண்டை வறளப் பேசி, தலைக்கு ஐந்நூறு ரூபாய் டிக்கெட் வைத்தாள். அதிகாரிகளுக்கும் நன்கொடை கொடுத்த பெரிய மனிதர்களுக்கும் இலவச பாஸ். ஆக, பெண்களைப் பாராட்ட ஆண்கள் சும்மா வந்தார்கள், பெண்கள் காசு கொடுத்து வந்தார்கள். வணிகவியல் படித்த மண்டைக்கு இந்தக் கணக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. "டிக்கெட் இல்லேன்னா யாரா இருந்தாலும் உள்ள விடாதீங்க" என்று வாசல் காவலாளி காத்தமுத்துவிடம் சொல்லிவைத்ததும் அவள்தான்.

முதல் விருது குஞ்சம்மாவுக்கு. கருக்களாச்சேரியில் இருபத்திரண்டு வருஷமாக மீன் ஏலம் விடுகிற ஒரே பெண். ஊருக்கெல்லாம் பாஸ் அனுப்பியவர்கள் அவளுக்கு அனுப்ப மறந்துபோனார்கள்.

"எனக்குத்தாங்க விருதே."

"விருது சரிம்மா, டிக்கெட் எங்க?" என்றார் காத்தமுத்து.

குஞ்சம்மா எட்டிப் பார்த்தாள். மேடையில் ஆளுயரப் படத்தில் அவளே சிரித்துக்கொண்டிருந்தாள். "அவள உள்ள விட்டிருக்கீங்கள்ல, அது போதும். எனக்குப் படகு வந்துரும்" என்று பஸ் ஏறிவிட்டாள்.

மதிவதனி மைக்கில் மூன்று தடவை பெயரைக் கூப்பிட்டாள். மூன்றாவது தடவைக்கு மண்டபம் எழுந்தது. தரை அதிர்ந்ததைக் கைதட்டல் என்று நினைத்து, அவள் வரவேற்புரையை இன்னொரு பக்கம் வாசித்தாள்.

மண்டபம் ஏலக்களத்துக்குப் பக்கத்தில், வாசலைக் கடல் பக்கம் வைத்து உட்கார்ந்தது. பட்டுப்புடவையோடும் பொன்னாடையோடும் மீன் தண்ணீரில் இறங்கிய மதிவதனிக்கு, டிக்கெட் கேட்டுக் குஞ்சம்மாவைத் திருப்பி அனுப்பிய விஷயம் அப்போதுதான் தெரிந்தது. வெட்கத்தில் காது சுட்டது. குஞ்சம்மா விருதை முகத்தில் எறிந்தால்கூடத் தகும் என்றுதான் நின்றாள்.

"ஏலம் நடக்குதுங்க. ஓரமா நில்லுங்க" என்றாள் குஞ்சம்மா.

முக்கால் மணி நேரம் நின்றாள். வஞ்சிரமும் வாளையும் விலை ஏறுவதைக் கேட்டாள். பாராட்டுரை எழுதியவள், பாராட்டப்பட்டவளின் குரலை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டாள். எல்லாம் முடிந்ததும், "நான் இங்க நின்னதுக்கு ஏதாவது தரணுமா?" என்று அசடு வழியக் கேட்டாள்.

"ஏலம் பாக்க யாருங்க காசு குடுப்பா?" என்று சிரித்துவிட்டு, குஞ்சம்மா ஈரக்கையோடு விருதை வாங்கிக்கொண்டாள். ஏலச் சீட்டுகள் பறக்காமலிருக்க இப்போது அதைத்தான் மேலே வைக்கிறாள்.

மண்டபம் திரும்பவில்லை. கல்யாணப் பத்திரிகைகளில் 'ஏலக்களம் அருகில்' என்று அச்சாகிறது. வீட்டு வரி நோட்டீஸ் மட்டும் பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்பி வருகிறது. முகூர்த்த நேரத்தில் குஞ்சம்மாவின் குரல் எழுந்தால், அவள் முடிக்கும்வரை மேளக்காரர்கள் காத்திருக்கிறார்கள். இதுவரை யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை.