கரை ஓரத்தில் வைத்த கல்

1

இந்தக் கதை அக்காவின் போனில் பிறந்தது. "ஆறு ஏறினப்போ அசையாம நின்ன கரை, இறங்கினப்புறம் ஏன்டா விழுந்துச்சு?" என்று கேட்டாள். முப்பது வருஷம் கழித்துக் கேட்கிற கேள்வியா இது! எனக்கும் ஆற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று நழுவப் பார்த்தேன். விடவில்லை. அவளுடையது உடும்புப்பிடி.

2

முதல் தொடக்கம்: 'ஆறு வளைகிற இடத்தில் எங்கள் வீடு ஒரு...' சே, வேண்டாம். காலண்டர் படம் மாதிரி இருக்கிறது.

இரண்டாவது: அப்பா தையல்காரர். வெட்டுகிற துணி நகராமலிருக்க அதன் ஓரத்தில் இரும்புக் கட்டி வைப்பார். கரையில் விரிசல் கண்டதும் அதே வைத்தியம். "பாரம் வெச்சா அது பாட்டுக்குக் கிடக்கும்" என்றார். சாயங்காலமானால் அப்பா, அக்கா, நான் மூவரும் கல் சுமந்து கரை விளிம்பில் அடுக்குவோம். அக்கா என்னைவிட ஒரு கல் கூடத் தூக்குவாள். "என் சிங்கக்குட்டி!" என்று அப்பா அவள் தலையில் தட்டுவார். எனக்கு வயிறு எரியும். ஆனாலும் அந்தச் சாயங்காலங்களின் சந்தோஷம் பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை.

(இங்கேயே நிறுத்திவிடலாமா? ஆசையாகத்தான் இருக்கிறது.)

3

* அடிக்குறிப்பில் போட வேண்டியது, பொறுத்துக்கொள்ளுங்கள். வளைவின் வெளிக்கரையில் ஓட்டம் வேகம். அடிமண்ணை அரித்துக்கொண்டே இருக்கும். வெள்ளத்தில் கரை நீரைக் குடித்துக் கனக்கும். ஆனால் அந்த வெள்ளமே பக்கத்தில் நின்று முட்டுக்கொடுக்கும். சட்டென்று வடிந்தால் முட்டுப் போய்விடும், கனம் போகாது. அப்போதுதான் சரியும். மேலே பாரமும் இருந்தால்... (இந்த வாக்கியத்தை எழுதி எழுதி அடிக்கிறேன்.)

4

வெள்ளம் வடிந்தது. ஊரே அப்பாடா என்றது. மேட்டுப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த நாங்களும் வீடு திரும்பினோம். "மிஷின் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வரேன்" என்று அப்பா ஆற்றுப் பக்கத்து அறைக்குள் போனார். அந்த அறையும்...

இதுவரை அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

"அப்பாவை வெளியே கூட்டிட்டு வாடா. கதைதானே?"

கூட்டி வந்தேன். பனியன் நனைந்து, மிஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு, வாசலில் நின்று சிரித்தார். அக்கா அழுதாள். நானும்தான்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "நாம கல்லு வைக்காம இருந்திருந்தா நின்னிருக்குமாடா?"

5

கல் இல்லாவிட்டாலும் அந்த வளைவு என்றைக்காவது விழுந்திருக்கும். அது நிஜம். ஆனால் அன்றைக்கா? அப்பா உள்ளே இருந்தபோதா? எனக்குத் தெரியாது. கல் தூக்கியபோது அவளுக்கு ஒன்பது வயது.

அக்கா இன்னும் போனை வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்கிறது. இந்தாருங்கள், போனை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். எதைச் சொன்னாலும் மெதுவாகச் சொல்லுங்கள்.